முந்தியவரா, நொந்தவரா?

மும்பையில் குடியேறிய தமிழர்க்கு வரிசை என்பது புதிதன்று. தாராவிக் குழாயடியில் விடியுமுன் குடம் வைத்து இடம் பிடித்த நினைவு நம் குடும்பங்கள் பலவற்றுக்கு உண்டு. முந்தி வந்தவர்க்கே முதற் குடம். ஆள் பார்த்து முறை மாறினால் சண்டைதான். செல்வாக்கற்ற ஏழைக்கு அவ்வரிசை ஒரு காப்பு. ஆயின், குழாயடி அறம் மருத்துவமனை வாயிலிலும் செல்லுமோ?

அங்கே நடப்பது வேறு முறை. 'ட்ரியாஜ்' என்பர், பிரித்தெடுத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே, பதவி பாராது காயத்தின் கடுமை பார்த்தே சிகிச்சை தர வேண்டும் என்றார். கை சிராய்த்த தளபதி காத்திருக்க, கால் சிதைந்த சிப்பாய் முதலில் செல்வான்.

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். 2.5 சதுர கிலோமீட்டருக்குள் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்! எல்லோரையும் ஒருசேரச் சோதிக்க இயலுமா? காய்ச்சல் முகாம்களில் உடல் வெப்பத்தையும், விரல்நுனிக் கருவியால் ஆக்சிஜன் அளவையும் பார்த்து, ஐயத்திற்குரியோரைப் பிரித்தனர். அவ்வாண்டு ஜூனில், படுக்கை ஒதுக்கும் பொறுப்பை மாநகராட்சி தன் 24 வார்டுகளின் கட்டுப்பாட்டு அறைகளுக்கு மாற்றியது. தெரிந்தவர் மூலம் கேட்டுப் பெறுவது என்றில்லாமல், நோயின் நிலை பார்த்துத் தருவது என்பதே நோக்கம். சிபாரிசுக் கடிதத்தோடு அலைந்து பழகிய நமக்கு இது சிறிய செய்தியன்று.

எனினும் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. 'நீங்கள் சற்றுப் பொறுங்கள்' என்று சொல்லப்பட்டவரின் கதி என்ன? அலறுபவரைக் காட்டிலும் அடங்கிக் கிடப்பவர்க்கே ஆபத்து மிகுந்திருக்கக் கூடும். கொரோனாவிலோ, மூச்சுத் திணறலே உணராமல் ஆக்சிஜன் குறைந்தவர்களும் இருந்தனர். எனவேதான், ஒருமுறை பிரித்ததோடு வேலை முடிவதில்லை. காத்திருப்போரை மீண்டும் மீண்டும் சென்று பார்க்க வேண்டும் என்று மருத்துவம் விதிக்கிறது. பிந்தியிருக்கச் சொல்லும் உரிமையே, திரும்பி வந்து பார்க்கும் கடமையை ஏற்றவர்க்குத்தான் உண்டு என்பது நம் கருத்து.

மாதச் சம்பளம் வந்த அன்று நாமும் பிரிக்கத்தான் செய்கிறோம்: வாடகை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், ஊரில் தங்கையின் திருமணம். "எனக்கென்னய்யா, மருந்து மெதுவா வாங்கிக்கலாம், பிள்ளை படிப்பப் பாரு" என்கிறாள் திருநெல்வேலியிலிருந்து தாய். அவளைப் பொறுக்கச் சொல்லி எத்தனை மாதமாயிற்று? அதன்பின் யாரேனும் போய்ப் பார்த்தோமா?