வலைக்கண்ணும் நோயும்

சீடன்: குருவே, ஒருவனுக்கு வலியும் இல்லை, வீக்கமும் இல்லை; கருவி மட்டும் கட்டி இருக்கிறது என்கிறது. அவன் நோயாளியா?

குரு: தென்கொரியாவில் நடந்ததைக் கேள். அங்கே அரசு 1999-இல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் சேரவில்லை. ஆனாலும் கொஞ்சம் கூடுதலாகப் பணம் கட்டினால் கழுத்தையும் அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட வீதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்நோயால் இறப்போர் வீதமோ அசையவில்லை. மீன் பெருகவில்லை அப்பா, வலைக்கண் சிறுத்தது.

சீடன்: கருவி விற்பவர்களின் லாப ஆசைதானே காரணம்?

குரு: லாபமே இல்லாத இடத்திலும் இச்சிக்கல் வரும். மேலே கேள்.

சீடன்: முன்கூட்டியே கண்டு அறுத்ததால்தான் சாவு கூடவில்லை என்று ஏன் சொல்லக்கூடாது? அத்தனை கட்டிகளில் ஒன்று கொல்லும் கட்டியாக இருந்து, அது என் தாயின் கழுத்தில் இருந்தால்?

குரு: நெடுநாள் என்னையும் அலைக்கழித்த கேள்வி இது. அறுத்தது காப்பாற்றியிருந்தால் சாவு குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. பின்லாந்தில் 101 சடலங்களின் தைராய்டை மெல்லிய துண்டுகளாக்கிப் பார்த்த ஆய்வு 1985-இல் வெளிவந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் சிறு புற்று இருந்தது. அத்தனை பேரையும் நோயாளி என்றால், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சும்?

உன் தாயின் கேள்விதான் கடினம். எது வளரும், எது கிடந்த இடத்திலேயே கிடக்கும் என்று வலை சொல்லாது. அகப்பட்டதையெல்லாம் கரையில் கொட்டும். கொரியாவில் கண்டறியப்பட்ட ஏறக்குறைய எல்லாருக்கும் அறுவை நடந்தது. பெரும்பாலோர் சுரப்பி முழுவதையும் இழந்து, ஆயுள் முழுக்க மாத்திரையை நம்பி வாழ்கிறார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குக் கால்சியத்தைக் காக்கும் சுரப்பிகள் பழுதாயின. 2 விழுக்காட்டினருக்குக் குரல்நாண் செயலிழந்தது. உன் தாய் இவர்களில் ஒருத்தியாகவும் இருக்கலாம் அல்லவா? ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனையில் அகிரா மியாவுச்சி 1993-இல் வேறு வழி காட்டினார்: ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, பரவும் அறிகுறி இல்லாத கட்டியை அறுக்காமல் கண்காணிப்பது. அப்படிக் கண்காணிக்கப்பட்ட 1,235 பேரில் பத்தாண்டில் கட்டி வளர்ந்தவர்கள் சுமார் 8 விழுக்காடு. புற்றால் இறந்தவர் ஒருவரும் இல்லை.

கண்காணிப்புக்கும் விலை உண்டு. புற்று என்று காதில் விழுந்தபின் ஒருவன் பழைய மனிதனாகத் திரும்புவதில்லை. ஆகையால் மருத்துவ அறம் கத்தி எடுக்கும்போது தொடங்கினால் போதாது. அறுவைக்குக் கையெழுத்து வாங்குகிறோம். வலை வீசுமுன் யார் சம்மதம் கேட்கிறார்கள்? எது அகப்படலாம், அகப்பட்டபின் என்ன செய்ய நேரும் என்பதைப் பரிசோதனைக்கு முன்பே விளக்கிச் சொல்லவேண்டும். கையில் தட்டுப்படும் கட்டி, மாறிய குரல், விழுங்கச் சிரமம் உள்ளவர் தயங்காமல் மருத்துவரிடம் போகட்டும். அங்கே நோய் தானே பேசுகிறது. ஒன்றும் இல்லாதவரின் கழுத்தைத் துழாவுவது வைத்தியம் ஆகாது. 2014-இல் கொரிய மருத்துவர்கள் சிலர் இதைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். ஓராண்டுக்குள் தைராய்டு அறுவைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.