சீழ்க்கை நின்ற பிறகு

முதலில் சீழ்க்கை கேட்கிறது. ஆட்கள் பின்னால் வருகிறார்கள்.

பிய்ந்த காலணிகள். வரிசை குலையாத கால்கள். டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’, 1957.

சித்தூர். மே மாத இரவு. மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்புகிறது.

*

பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சனை ஜப்பானியர்கள் தகரக் கூண்டில் அடைக்கிறார்கள். அதிகாரிகள் மண் சுமக்க மாட்டார்கள் என்று அவர் சொன்னதற்காக. கூண்டு வெயிலில் வேகிறது.

வெளியே விடும்போது, நிக்கல்சனாக நடிக்கும் அலெக் கின்னஸ் நடக்கிறார். முழங்கால் தன்னுடையதுதானா என்று அடிக்கு அடி கேட்டுக்கொள்வதுபோல. போலியோவிலிருந்து மீண்ட தன் மகனின் நடையை மனத்தில் வைத்து நடந்தாராம்.

அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன்.

மறுபடியும்.

*

காடு அவ்வளவு பச்சை. படத்தில் அது சயாம். படம் எடுத்த இடம் இலங்கையின் கித்துல்கல. ஓடுவது களனி ஆறு.

*

பாலம் கட்டுகிறவர்கள் எல்லாரும் பிரிட்டிஷ் கைதிகள்.

ஒரு தமிழ் முகம் தேடுகிறேன்.

மூங்கில். புழுதி. தண்ணீர்.

*

படத்துக்குப் பின்னால் இருப்பது ஜப்பானியர்கள் போட்ட உண்மையான ரயில் பாதை. 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைந்த பாதை. போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அவர்களில் ஏராளம்.

எண்களை மெல்லப் படிக்கிறேன். ஒரு முகமும் வருவதில்லை.

*

சயாம் மரண ரயில். மலேசியத் தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கைகள். லயத்திலிருந்து லாரி. அத்தாப்புக் கொட்டகை. மழை. வாந்திபேதி.

சிப்பாய்களோடு அவர்களுடைய மருத்துவர்களும் சிறைப்பட்டிருந்தார்கள். இறப்பைக் குறித்துவைக்க ஆள் இருந்தது. தோட்டத்து ஆட்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் கிடையாது.

*

இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று அழைக்கிறார்கள். ஆட்கள் உள்ளே வந்ததும் கதவைப் பூட்டுகிறார்கள். அங்கிருந்து நேராக ரயில். அந்தக் காலத்து நினைவுகளில் இது சொல்லப்படுகிறது.

படத்தை நிறுத்துகிறேன்.

அறைக் கதவு திறந்தே கிடக்கிறது. தெருவில் யாரோ தெலுங்கில் பேசிக்கொண்டு போகிறார்கள்.

*

காலை. திருப்பதி போகும் ரயில். பாகாலாவில் நிற்கிறது.

இந்தப் பாதையும் ஒரு காலத்தில் மீட்டர் கேஜ். சயாம் பாதைக்கும் அதே அகலம். மலாயாவில் கழற்றிய தண்டவாளங்களை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்தத் தண்டவாளங்களை அடுத்து வாழ்ந்தவர்களையும் கொண்டுபோனார்கள்.

டீ கையைச் சுடுகிறது. சுடட்டும்.

*

எதிர் இருக்கையில் முடியிறக்கப் போகும் குழந்தை. நெற்றியில் விழும் சுருளை அம்மா ஒதுக்குகிறாள். அது மறுபடி விழுகிறது.

சந்திரகிரிப் பாறைகள்.

*

1911 வரை சித்தூர்தான் வட ஆர்க்காட்டின் தலைநகர். மலாயாவுக்கு ஆள் போன மாவட்டங்களில் வட ஆர்க்காடும் உண்டு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள். பினாங்கில் இறங்கினார்கள்.

எந்த ஊரிலிருந்து, யார்?

கேள்வி சிறிது நேரம் இருக்கிறது. போகிறது.

*

மூல நாவலை எழுதிய பியர் பூல், மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இருட்டு விலகுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கும் தமிழர்களை அவர் பார்த்திருப்பார். அவர் கதை கர்னலைச் சுற்றியே நிற்கிறது.

கோபம் வருகிறது. வயிற்றில், பிறகு தொண்டையில்.

அதன் பின்னாலேயே கின்னஸின் நடையும் வருகிறது. இந்தப் படத்தை விட்டுவிட மனமில்லை.

*

தாய்லாந்தில், காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர். வரிசை வரிசையாகக் கற்கள். பெயர், படைப் பிரிவு, வயது. தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை.

நாவல்கள் இருக்கின்றன. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’. இரண்டும் மலேசியத் தமிழர்கள் எழுதியவை.

திருப்பதி வருகிறது. எல்லாரும் முன்கூட்டியே எழுந்து நிற்கிறார்கள். ரெங்கசாமியை இன்றிரவு தொடங்க வேண்டும்.