பெயரிடும் உரிமை

நாய்க்குப் பெயரிடுவதிலும் அறச்சிக்கலா என்று அன்பர்கள் நகைக்கலாம். நாமும் நகைத்தவர்களே.

நம் இலக்கணத்தார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தனர். ஸ்பானியல் என்னும் இனப்பெயரே ஸ்பெயின் நாட்டைச் சுட்டி எழுந்த காரணப்பெயர். ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங் வளர்த்த ஸ்பானியலின் பெயர் ஃப்ளஷ். புதரிற் பதுங்கிய பறவையை எழுப்பிப் பறக்கச் செய்தலையும் அச்சொல் குறிக்கும். அவ்வினத்தின் பிறவித்தொழிலும் அதுவே. வர்ஜீனியா வுல்ஃப் 1933இல் அந்நாயின் வரலாறாகவே ஒரு நூல் எழுதினார். பொருந்திய பெயர், எவரையும் புண்படுத்தாத பெயர்.

நாமோ, தில்லிக் குடியிருப்பில் நமக்கு வாய்த்த ஸ்பானியல் குட்டிக்கு 'மோத்தி' என்று பெயரிட்டோம். முத்து என்பது பொருள். வடபுலத்தில் நாய்களுக்குப் பெருவழக்கான பெயராதலின் மேலும் ஆராயவில்லை. ஒருநாள் மாலை நாம் உரக்க அழைக்க, தெருமுனையில் இஸ்திரி போடும் முதியவர் "ஜீ" என்று நிமிர்ந்தார். அவர் பெயரும் அதுவே! அவர் சினக்கவில்லை, சிரித்தார். அச்சிரிப்பே நம்மை உறுத்திற்று.

நாய்க்கு எப்பெயரும் வெறும் ஒலி. மனிதனுக்கோ அது பெற்றோர் தந்த முதற்கொடை. (பெயர்ப்பிழை திருத்தக் கோரும் மனுக்களை அலுவலகத்தில் நாள்தோறும் படிப்பவர்க்கு இது விளங்கும்.) "மனிதப்பெயர் நாய்க்கு ஆகாது என்பது நாயை இழிவுபடுத்துவதாகாதா?" என்றார் நண்பரொருவர். வாதம் சரியே, ஆயினும் அன்று நிமிர்ந்து பார்த்தவர் நண்பரல்லர்.

தொங்கும் செவிகளைக் கண்டு 'வெற்றிலை' என்று மாற்றினோம். ஒரு வாரத்தில் குட்டி பழகிற்று. முதியவர்க்குத்தான் அச்சொல் நாவில் வரவில்லை. இன்றும் மோத்தி என்றே அழைக்கிறார். அதுவும் அவரிடம் ஓடுகிறது.