நல்ல சக்கரம் எது?

நல்லது எது என்னும் வினா மிகப் பழையது. அறநூலார் அதனை மனிதரின் செயல்களைப் பற்றி எழுப்பினர். கருவிகளைப் பற்றியும் அவ்வினாவை எழுப்புதல் தகும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒருவரின் அறிவும் ஆசையும் ஒருங்கே வெளிப்படுகின்றன. இதற்குப் பந்தய மிதிவண்டியின் சக்கரம் தெளிவான சான்றாகும்.

ஜொகூர் மாநிலத்தில் விடுமுறை நாள்களின் விடியற்காலையில் மிதிவண்டி ஓட்டுவோர் கூட்டங்கூட்டமாகச் செல்வதைக் காணலாம். பொந்தியான் பக்கத்துச் சாலைகள் சமநிலத்தில் ஓடுகின்றன. கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் நோக்கிச் செல்லும் சாலையோ ஏற்றமும் இறக்கமும் உடையது. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடித் தேய்ந்த இடங்களும் உண்டு. ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழை வேறு வந்து சேரும்.

இச்சாலைகளில் ஓட்டும் இளைஞர் ஒருவர் புதிய சக்கரங்கள் வாங்க எண்ணுகிறார் என்க. கடைக்காரர் இரு வகைகளை அவர் முன் வைக்கிறார். ஒன்று, அலுமினிய விளிம்பும் மிகுதியான கம்பிகளும் உடையது. மற்றொன்று, கார்பன் இழையாலான உயர்ந்த விளிம்பும் குறைந்த கம்பிகளும் உடையது, விலையோ பன்மடங்கு. இவற்றுள் நல்லது எது?

விலை உயர்ந்ததே நல்லது என்பது எளிதில் வரும் விடை. ஆராய்ந்து பார்த்தால் அவ்விடை நிலைப்பதில்லை. உயர்ந்த விளிம்பு எதிர்க்காற்றில் உதவும். பக்கக்காற்றிலோ முன்சக்கரத்தைத் தள்ளி ஓட்டுபவரைத் தடுமாறச் செய்யும். விளிம்பைப் பற்றி நிறுத்தும் பிரேக் உடைய வண்டியாயின், நனைந்த கார்பன் விளிம்பு அலுமினிய விளிம்பைப் போல் விரைந்து நிற்பது அரிது. வட்டு பிரேக் உடைய வண்டிக்கு இக்குறை இல்லை. கம்பிகள் குறைந்த சக்கரத்தில் ஒன்று அறுந்தாலும் விளிம்பு கோணிவிடும். 32 கம்பிகள் உடைய சக்கரத்தில் ஒன்று அறுந்தால் எஞ்சியவை சுமையைப் பகிர்ந்துகொண்டு ஓட்டுபவரை வீடு சேர்க்கும். அக்கம்பியும் எங்கும் கிடைப்பதாயின் சிற்றூர்க் கடையிலேயே பழுது நீங்கும்.

மற்றோர் உண்மையும் உண்டு. சமநிலத்தில் விரைந்து செல்பவரைப் பெரிதும் எதிர்ப்பது காற்று. அவ்வெதிர்ப்பில் பெரும்பங்கு அவருடைய உடலுக்கு உரியது. சக்கரத்திற்கு உரியது சிறுபங்கே. ஆகவே முதுகை வளைத்து ஓட்டப் பழகுதல் தரும் பயன், பெரும்பொருள் கொடுத்து வாங்கும் சக்கரம் தரும் பயனினும் மிகுதி. தரையைத் தொடும் டயரை நல்லதாகத் தேர்ந்தாலும் சிறுசெலவில் பெரும்பயன் கிட்டும். 1888ஆம் ஆண்டில் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கிய பின் உலகில் ரப்பரின் தேவை பெருகியது. ஜொகூர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் சீவிய மரங்களின் பாலும் அத்தேவையை நிறைவு செய்தது. மிதிவண்டிப் பயணத்தை மென்மையாக்கியது அந்த எளிய ரப்பரே அன்றோ?

திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. மென்மையான மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு தாங்காது என்னும் உவமையை வள்ளுவர் அங்கே வைத்தார். செயலின் வலிமையையும் தன் வலிமையையும் சீர்தூக்குதல் வேண்டும் என்பதே அவ்வதிகாரத்தின் கருத்து. உடலின் எடை, சாலையின் தன்மை, பணப்பையின் அளவு ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்ப்பவரே சக்கரத்தைத் தேரத் தக்கவர்.

அங்ஙனமாயின் நன்மை என்பது ஆளுக்கு ஆள் மாறும் விருப்பந்தானே என்று சிலர் வினவலாம். அன்று. நன்மை ஆளுக்கேற்ப மாறலாம். ஆயினும் ஆளின் விருப்பத்திற்கேற்ப மாறுவதில்லை. சாலையின் குழியும் உடலின் எடையும் விருப்பத்தால் குறைவன அல்ல.

விரைவு எவருக்கு உரியது என்பது அடுத்த வினா. 1972ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு எடி மெர்க்ஸ், மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். 1984இல் அதே நகரில் இத்தாலியரான பிரான்செஸ்கோ மோசர், தட்டுப்போல் மூடிய சக்கரங்களைப் பூட்டி 51.151 கிலோமீட்டர் கடந்தார். 1996இல் பிரித்தானியரான கிறிஸ் போர்ட்மன், புதுவகை வண்டியில் கைகளை முன்னே நீட்டி ஓட்டி 56.375 கிலோமீட்டரை எட்டினார். 2000ஆம் ஆண்டில் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம், மெர்க்ஸ் காலத்து வண்டியை ஒத்த வண்டியிலேயே இச்சாதனை நிகழ வேண்டுமென வரையறுத்தது. அவ்வாண்டில் அதே போர்ட்மன் கம்பிச் சக்கரங்களில் ஓட்டிய தொலைவு 49.441 கிலோமீட்டர். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டராகத் தோன்றிய முன்னேற்றம் பத்து மீட்டராகச் சுருங்கியது! 2014இல் அவ்விதி தளர்த்தப்பட்டது உண்மை. எனினும் ஆளின் ஆற்றல் எவ்வளவு, கருவியின் ஆற்றல் எவ்வளவு என்பதை அந்தப் பத்து மீட்டர் காட்டிவிட்டது. எளிய சக்கரத்தில் ஓட்டும் ஏழை மாணவன் தாழ்வுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை.

விரைவே நன்மை என்னும் மயக்கம் பெருந்துயரிலும் முடியும். மலேசிய இளைஞரிடையே 'பாசிக்கல் லாஜாக்' எனப்படும் மாற்றியமைத்த மிதிவண்டிகள் பரவின. வண்டியின் மேல் படுத்து விரைவதற்காகக் கைப்பிடியைத் தாழ்த்துவதும் பிரேக்கைக் கழற்றுவதும் அவற்றில் வழக்கம். 2017 பிப்ரவரி 18ஆம் நாள் விடியுமுன், ஜொகூர் பாருவில் அத்தகைய வண்டிகளில் சென்ற பதின்ம வயதினர் எண்மர் கார் மோதி உயிரிழந்தனர். அந்நிகழ்வின் சட்டப்பொறுப்பு நீதிமன்றங்கள் ஆராய்ந்த பொருள். அதனை இங்கே பேச வேண்டியதில்லை. விரைவை மட்டும் வியந்து, நிற்கும் ஆற்றலை வியக்கக் கற்பிக்காத சமுதாயத்திற்கும் அதில் பங்கில்லையா என்பதே பெற்றோரும் ஆசிரியரும் எண்ண வேண்டியது.

கூட்டமாக ஓட்டும்போது ஒருவரின் முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்தை ஒட்டியே செல்கிறது. ஒரு சக்கரம் முறிந்தால் பலர் வீழ்வர். எனவே சக்கரத்தேர்வு தனியொருவரின் சொந்தச் செய்தி அன்று. உடன் வருவோருக்கு ஆற்றும் கடமையும் ஆகும். சுமப்பவரைத் தாங்குவதும், சாலைக்கு ஏற்றதும், வேண்டும்போது நிற்பதும், பிறருக்குத் தீங்கு செய்யாததும் எதுவோ, அதுவே நல்ல சக்கரம்.