பெயர் கேளாத கொடை

பெறுவது எளிதாகும்போது நன்றி அரிதாகிவிடுமோ என்பது பழைய ஐயம். கணினித் திரையில் ஒரு படத்தைத் தேடி எடுக்கும் கணப்பொழுதில் அந்த ஐயம் இன்று புதிய உருவில் நம்முன் நிற்கின்றது. திருமண அழைப்பிதழ், கடையின் விளம்பரம், நாட்காட்டி, பங்குத் திருவிழா அறிக்கை என எதை வடிவமைப்பவரும் முதலில் தேடுவது காசு கொடுக்க வேண்டாத படத்தை. அடுத்து, வாணிகத்திற்குப் பயன்படுத்தத் தடையில்லாத படத்தை. மூன்றாவதாக, வரைந்தவரின் பெயரைக்கூடப் போடத் தேவையில்லாத படத்தை. இந்த மூன்றாம் விருப்பத்தைப் பற்றியே இங்கு நாம் சிந்திக்க விழைகின்றோம்.

இவை மூன்றும் ஒன்றல்ல என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு 2002இல் வெளியிட்ட உரிமங்களுள் சில, படைத்தவரின் பெயரைக் குறிப்பிடுமாறு கேட்கின்றன. சில, வாணிகப் பயனை விலக்குகின்றன. எனவே இலவசம் என்ற ஒரு சொல்லைக் கண்டதும் எடுத்தாளுவது முறையன்று. 2009இல் அதே அமைப்பு மற்றொன்றை வகுத்தது. அதன்படி, சட்டம் இடந்தரும் அளவிற்குத் தம் உரிமை அனைத்தையும் படைத்தவர் துறந்துவிடுகின்றார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் ஏறத்தாழ 3,75,000 படங்களை இவ்வாறு உலகிற்குத் திறந்துவிட்டது. 2020இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் 28 இலட்சம் படங்களைத் திறந்தது. வாழும் ஓவியர்களும் இவ்வழியில் கொடையாளர் ஆகின்றனர். காத்தரீனா லிம்பிட்சூனி 2017இல் தொடங்கிய ‘அன்டிரா’ என்னும் தொகுப்பின் சித்திரங்களை வாணிகத்திற்கும் பயன்படுத்தலாம். பணமும் வேண்டாம், பெயரும் வேண்டாம்.

இத்தகைய படத்தைப் பெயரின்றிப் பயன்படுத்துபவர் திருடரல்லர், அதில் ஐயமில்லை. ஆயினும், கொடுத்தவர் கேளாத ஒன்றைத் தர நாம் கடமைப்பட்டவர்களா என்னும் கேள்வி எஞ்சுகின்றது.

புனித தோமா அக்குவினாஸ் நன்றியைத் தனியொரு நற்பண்பாகவே எண்ணி ஆராய்ந்தார். சட்டத்தால் வரும் கடன் வேறு, ஒழுக்கத்தால் வரும் கடன் வேறு என அவர் பிரித்தார். நன்றி இரண்டாவது வகையைச் சார்ந்தது. கொடுத்தவர் தம் உரிமையைத் துறக்கும்போது முதற்கடன் நீங்கிவிடுகின்றது. இரண்டாவதை அவரால் நீக்க இயலாது. ஏனெனில் அது பெற்றவரின் உள்ளத்தில் பிறப்பது. லூக்கா நற்செய்தியில் தொழுநோயாளர் பதின்மரை ஆண்டவர் குணமாக்கினார். திரும்பி வந்து நன்றி கூற வேண்டும் என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை. ஒன்பது பேரும் எந்தக் கட்டளையையும் மீறவில்லை. குருக்களிடம் போகச் சொன்னார், போனார்கள். எனினும், மற்ற ஒன்பது பேர் எங்கே என்று அவர் கேட்கத்தான் செய்தார். பெற்ற நலத்தை அவர் திரும்பப் பறித்துக்கொள்ளவில்லை என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். “நடுக்காலப் பேராலயங்களைச் செதுக்கிய சிற்பியர் பலரின் பெயர் நமக்குத் தெரியாதே! வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்பதன்றோ நம் நெறி?” என்று கேட்பர். நல்ல கேள்விதான். ஆனால் தன் பெயரைத் தானே மறைத்துக்கொள்வது தாழ்ச்சி. பிறர் பெயரை நாம் மறைப்பது தாழ்ச்சியாகாது. இடக்கைக்குச் சொல்லவேண்டாம் என்னும் அறிவுரை கொடுப்பவருக்கு உரியது, பெறுபவருக்கன்று. விடுதலைப் பயண நூலில் சந்திப்புக் கூடாரத்தைச் செய்யப் பணிக்கும் இறைவன், பெட்சலேல் என்னும் கைவினைஞனைப் பெயர் சொல்லியே அழைக்கின்றார். தந்தையின் பெயரும் குலத்தின் பெயரும் உடன் வருகின்றன. கைத்திறனுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கின்றார் என்பதை இறைவன் மறக்கவில்லை.

நாமோ எளிதில் மறந்துவிடுகின்றோம். இறப்பு அறிவிப்புகளிலும் செபப் புத்தக அட்டைகளிலும் கூப்பிய கைகள் இரண்டைக் காண்கின்றோம். அவை 1508 அளவில் செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் நீலத் தாளில் வரைந்த திருத்தூதர் ஒருவரின் கைகள்; பிராங்க்பர்ட் நகரப் பீட ஓவியம் ஒன்றிற்காக அவர் வரைந்த முன்வரைவு. அவர் தீட்டிய அப்பீடத்தின் நடுப்பலகை 1729இல் தீக்கிரையாயிற்று. முன்வரைவு வியன்னாவில் எஞ்சியது. அக்கைகளைப் பார்த்துச் செபிக்கும் நம்மில் எத்துணைப் பேருக்கு அந்த ஓவியரின் பெயர் தெரியும்?

படைப்புக்கும் படைத்தவருக்கும் உள்ள உறவு விற்பனையோடு அறுவதில்லை என்பதை நம் நாட்டுச் சட்டமும் ஏற்கின்றது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை மாற்றிக் கொடுத்த பின்னரும் ‘இது என் படைப்பு’ எனச் சொல்லும் உரிமையைப் படைத்தவரிடமே விடுகின்றது. தில்லி விஞ்ஞான் பவனிலிருந்து 1979இல் அகற்றப்பட்ட அமர்நாத் சேகலின் சுவர்ச் சிற்பம் குறித்த வழக்கில், 2005இல் உயர்நீதிமன்றம் அச்சிற்பியின் பக்கமே தீர்ப்பளித்தது.

அப்படியானால் ஒவ்வொரு கடைச் சின்னத்தின் அடியிலும் ஓவியர் பெயரை அச்சிட வேண்டுமா? அது இயலாது, கொடுத்தவரும் அதை வேண்டவில்லை. நன்றிக்கு வேறு உருவங்கள் உண்டு. இடமுள்ள பங்கு மலரிலும் நூலின் உள்ளட்டையிலும் ஒரு வரி சேர்க்கலாம். இடமில்லாத இடத்தில், இப்படம் என் கைவண்ணம் அன்று என வாடிக்கையாளரிடம் உண்மை கூறலாம். வரையாத ஓவியத்திற்குக் கூலி வாங்காமல், அமைத்த உழைப்பிற்கு மட்டும் வாங்கலாம். பெற்றவர் தாமும் ஒன்றை வரைந்து பிறருக்கு அவ்வாறே கொடுக்கலாம்.

மற்றொன்றும் உண்டு. இலவசம் கிடைக்கின்றது என்பதற்காக, நம் பங்கிலேயே தூரிகை பிடிக்கும் இளைஞனைப் புறக்கணித்தல் ஆகாது. பொருள் வசதியுள்ள விழாக் குழு அவனிடம் ஒரு படம் கேட்டு அதற்குரிய கூலியைக் கொடுக்குமானால், அதுவும் அறமே. உழைப்பின் மாண்பு பற்றித் திருச்சபை 1891 முதல் திருமடல்களில் கூறிவருவது ஆலைத் தொழிலாளருக்கு மட்டுமா பொருந்தும்?

கொடுத்தவர் பெயரைக் கேளாதிருப்பது அவருடைய பெருந்தன்மை. அவரை அறிய முயல்வதும், அறிந்தவரை நினைவில் வைப்பதும் நம்முடைய கடன். திரும்பி வந்த அந்த ஒருவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதனாலேயே அவர் சொன்ன நன்றி நன்றியாயிற்று.