அழகிய கதையும் நேரிய சாட்சியமும்

சரித்திரக் கதை எழுதுகிறவர் ஒரே வேளையில் இரண்டு ஆசனங்களில் அமர்கிறார். ஒன்று கதைசொல்லியின் ஆசனம். மற்றொன்று சாட்சியின் ஆசனம். கதைசொல்லிக்குக் கற்பனை ஆகுமானது. சாட்சிக்கோ அது விலக்கப்பட்டது. கதை அழகாக இருந்து, சாட்சியம் கோணலாக இருந்தால் வாசகர் செய்ய வேண்டியது என்ன? அழகுக்காகக் கோணலைப் பொறுப்பதா? கோணலுக்காக அழகை எறிந்துவிடுவதா? புகழ்பெற்ற அமெரிக்க நாவலொன்றை முன்வைத்து இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

மார்கரெட் மிட்செல் என்ற அம்மையார் எழுதி, 1936 ஜூன் மாதத்தில் வெளிவந்த 'கான் வித் தி விண்ட்' ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூல். காற்றோடு போய்விட்டது என்பது அதன் பெயருக்குப் பொருள். ஆறே மாதங்களில் பத்து இலட்சம் பிரதிகள் விற்றன. 1937இல் புலிட்சர் பரிசு பெற்றது, 1939இல் திரைப்படமாயிற்று. 2014இல் அமெரிக்காவில் ஹாரிஸ் நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பில், மக்கள் மிக விரும்பும் நூல்களுள் பைபிளுக்கு அடுத்த இடம் இதற்கே கிடைத்தது.

1861 முதல் 1865 வரை அந்நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரும் அதற்குப் பிந்திய ஆண்டுகளுமே கதையின் களம். ஜார்ஜியா மாநிலத்துப் பருத்திப் பண்ணை முதலாளி ஒருவரின் மகள் ஸ்கார்லெட் கதாநாயகி. அட்லாண்டா நகரம் வீழ்கிறது, தாய் இறக்கிறார், தந்தை சித்தம் கலங்குகிறார். பசியால் துவண்ட அப்பெண், இனித் தன் குடும்பத்தைப் பசிக்க விடுவதில்லை என்று சூளுரைத்து எழுகிறாள். வீடு இடிந்த பின்னும் மனம் இடியாத ஒரு பெண்ணின் சித்திரம் அது. அதன் வலிமையை மறுப்பது நேர்மையாகாது.

இந்நூலைக் கற்றோரின் கருத்துகள் மூவகைப்படுகின்றன. நிகரற்ற காவியம் என்போர் ஒரு சாரார். அடிமை முறைக்குப் பூச்சூட்டிய நூல், தொடவே தகாது என்போர் மற்றொரு சாரார். கதையைக் கதையாகப் படித்துவிட்டுப் போவதை விட்டு நீதி விசாரணை எதற்கு என்போர் மூன்றாம் சாரார்.

மூன்றாம் சாராரின் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். வெறும் கதையாயின் அவர்கள் கூறுவது சரியே. ஆனால் இந்நூல் மெய்யான போரையும், மெய்யான ஊர்களையும், மெய்யான தளபதிகளையும் பெயர் சொல்லி அழைக்கிறது. போர் நடந்த நாட்களையும் இடங்களையும் ஆசிரியை பெரும் சிரத்தையோடு சரிபார்த்து எழுதினார். அந்தச் சிறு செய்திகளில் உள்ள துல்லியமே, பெரிய செய்தியில் உள்ள பிழையையும் வாசகரை நம்பச் செய்துவிடுகிறது. சரித்திரத்திடம் நம்பிக்கையைக் கடனாகப் பெற்ற கதை, அக்கடனைத் திருப்பித் தரக் கடமைப்பட்டது.

அந்தப் பெரிய பிழை யாது? 1860ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ஜார்ஜியாவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோர் 4,62,000க்கும் மேற்பட்டோர். மாநில மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர். நாவலிலோ அவர்கள் எஜமானரை நேசிக்கும் பணியாட்களாகவும், விடுதலை பெற்றதும் வழி தெரியாது திகைக்கும் குழந்தைகளாகவும் வருகின்றனர். கதாநாயகியை வளர்த்த கறுப்பினப் பெண்மணிக்கு 'மாமி' என்ற பணிப்பெயரன்றிச் சொந்தப் பெயரே இல்லை. விடுதலை பெற்ற மக்களை அச்சுறுத்திக் கொன்ற கூ க்ளக்ஸ் கிளான் கூட்டத்தாரோ பெண்களின் மானம் காக்க எழுந்தோராகக் காட்சியளிக்கின்றனர்.

இச்சித்திரம் யாரையும் புண்படுத்தவில்லை என்று சொல்ல முடியுமா? மிச்சிகன் மாநிலத்தில் மேசன் என்னும் சிற்றூர்த் திரையரங்கில், இப்படத்தைப் பார்க்க வந்தோருள் தாம் ஒருவரே கறுப்பினச் சிறுவராக இருந்ததையும், அடிமைப்பெண்ணைக் கேலிப்பொருளாக்கிய காட்சியில் நாணிக் குறுகிப்போனதையும் பிற்காலத்தில் மால்கம் எக்ஸ் தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். மாமியாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் 1940இல் ஆஸ்கர் பரிசு பெற்றார். ஆனால் 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் நடந்த முதற்காட்சி விழாவிற்கு அவரால் செல்ல இயலவில்லை. நிறப்பாகுபாட்டுச் சட்டம் குறுக்கே நின்றது.

அவ்வாறாயின் நூலைத் தூக்கி எறிய வேண்டியதுதானா? இங்கே நமது ஃபிக்ஹு நூல்களில் உள்ள ஷஹாதத் என்னும் சாட்சியப் பாடம் நமக்கு வழிகாட்டுகிறது. தந்தைக்குச் சாதகமாக மகன் கூறும் சாட்சியமும், மகனுக்குச் சாதகமாகத் தந்தை கூறும் சாட்சியமும் ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்கப்படுவதில்லை. அவர்கள் பொய்யர் என்பதாலன்று. எத்துணை நேர்மையாளராயினும் பாசம் கண்ணை மறைக்கக்கூடும் என்ற ஐயத்தாலேயே அது தள்ளப்படுகிறது. துஹ்மத் என்று இதற்குப் பெயர். ஆனால் அதே மகன் தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்னால் அது ஏற்கப்படும். பாசத்தை மீறி வந்த சொல் அல்லவா அது?

மிட்செல் அம்மையார் 1900இல் அட்லாண்டாவில் பிறந்தவர். தோற்ற தரப்பின் முதிய போர்வீரர்கள் சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்தவர். தம் தரப்பு போரில் தோற்றது என்ற செய்தியே பத்து வயதில்தான் தமக்குத் தெரிந்தது என்று அவரே கூறியிருக்கிறார். அவர் தீய உள்ளத்தவர் அல்லர். மோர்ஹவுஸ் கல்லூரியில் பயின்ற கறுப்பின மாணவர்களின் மருத்துவப் படிப்புக்குத் தம் பெயர் வெளியே தெரியாதவாறு பொருளுதவி செய்தவர். ஆயினும் அவர் தம் முன்னோருக்குச் சாதகமாகச் சொல்லும்போது மகளாகவே பேசுகிறார். அவரது தருமத்தை மதிப்போம்; அந்தச் சாட்சியத்தை நிறுத்திவைப்போம்.

அதே நூலில் தம்மவருக்கு எதிராக அவர் கூறியவையும் உண்டு. பீரங்கி வார்க்கும் ஆலைகூட இல்லாமல் போர் முழக்கம் செய்யும் கனவான்களின் வெற்றுப் பெருமையை ரெட் பட்லர் வாயிலாகத் தோலுரிக்கிறார். கைதிகளைக் குத்தகைக்கு எடுத்து, அரைப்பட்டினியில் மர அறுப்பு ஆலையில் கதாநாயகி வேலை வாங்குவதையும் மறைக்காமல் எழுதுகிறார். ஜார்ஜியாவில் இக்கொடுமை 1868 முதல் 1908 வரை சட்டப்படியே நடந்தது. இச்சாட்சியங்களை நாம் ஏற்போம்.

காஜியின் கடமை அத்துடன் முடிவதில்லை. மறுதரப்பையும் அழைக்க வேண்டும். இந்நாவல் வெளிவந்த 1936ஆம் ஆண்டிலேயே, அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற முதியோரைத் தேடிச் சென்று வாக்குமூலம் பெறும் பணியை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் மேற்கொண்டது. 1938க்குள் 2,300க்கும் மேற்பட்டோர் பேசினர். சாட்சிகள் உயிரோடு இருந்தனர் என்பதே இதன் பொருள். ஜார்ஜியாப் பண்ணை முதலாளி ஒருவரின் மனைவியான ஃபானி கெம்பிள், தம் கணவரின் பண்ணையில் 1838, 1839ஆம் ஆண்டுகளில் கண்ட அவலங்களைக் குறித்துவைத்து 1863இல் வெளியிட்டார். சொந்த வீட்டுக்கு எதிரான சாட்சியம் அது.

அதே ஜார்ஜியாவின் கடலோரத்துச் சாப்பெலோ தீவில் பிலாலி முஹம்மது என்னும் முஸ்லிம் ஒருவர் அடிமையாக வாழ்ந்தார். அவர் கைப்பட எழுதிய 13 பக்க அரபுச் சுவடி இன்று ஜார்ஜியாப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அதனைப் பண்ணைக் கணக்கு என்றே வெகுகாலம் எண்ணியிருந்தனர். அரபு அறிந்தோர் ஆராய்ந்தபோது, பத்தாம் நூற்றாண்டு மாலிகீ அறிஞர் இப்னு அபீ ஸைத் அல்கைரவானியின் 'ரிஸாலா'விலிருந்து உளூ, தொழுகைச் சட்டங்களை நினைவிலிருந்து அவர் எழுதியிருந்தமை வெளிப்பட்டது. நாவலாசிரியை குழந்தைகளாகக் கண்ட கூட்டத்தில் ஃபிக்ஹு கற்ற ஒருவரும் இருந்தார். கதையில் அவருக்கு இடமில்லை.

இதைக் கேட்டு நமக்குப் பெருமிதம் பொங்குமானால், அதே தராசில் நம்மையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். பிலால் நாயகத்தின் சிறப்பைப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் பஸ்றாவின் உவர்நிலங்களில் உழைத்த ஸன்ஜு அடிமைகள் அப்பாஸியர் ஆட்சியை எதிர்த்து 869 முதல் 883 வரை போராடியதை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்? சஊதி அரேபியா அடிமை முறையை ஒழித்தது 1962இல். மொரிட்டானியா ஒழித்தது 1981இல். நம்மவரிடம் அடிமைகள் நன்றாகவே இருந்தனர் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோமே, இந்நாவலில் ஆஷ்லி என்ற கனவானும் அதையேதான் சொல்கிறான். மார்க்கம் அடிமையை விடுவிப்பதைப் பெரும் நன்மையாக்கியது உண்மை. முஸ்லிம் அரசர்கள் அதை எவ்வளவு பின்பற்றினர் என்பது வேறு வழக்கு. அவ்வழக்கில் நாம் பிள்ளைகள். நமது சாட்சியமும் துஹ்மத்துக்கு உரியதே.

2020 ஜூன் மாதத்தில் இப்படத்தை அமெரிக்க நிறுவனம் ஒன்று தன் இணையத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, சில நாட்களில் ஆய்வாளர் ஒருவரின் முன்னுரையோடு மீண்டும் வைத்தது. படத்தை அழிக்கவில்லை, அதன் அருகே மற்றொரு குரலை அமர்த்திற்று. நம் இல்லங்களுக்கும் அவ்வழியே ஏற்றது. பிள்ளைகள் இந்நாவலைக் கையில் எடுத்தால் பிடுங்க வேண்டாம். அடிமை வாழ்விலிருந்து மீண்ட தம் முன்னோர் பெண்மணியின் கதையைத் தழுவி மார்கரெட் வாக்கர் 1966இல் எழுதிய 'ஜுபிலி'யையும் உடன் கொடுப்போம். அதன் களமும் ஜார்ஜியாவே. இரண்டையும் படித்தபின், எந்தச் சாட்சியம் யாருக்குச் சாதகமாகச் சொல்லப்பட்டது என்று அவர்களிடமே கேட்போம். அக்கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை நம்முடைய சரித்திரக் கதைகளையும் அவ்வாறே படிக்கும். அதற்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. அதுவே நாம் கற்பிக்க வேண்டிய நீதி.