பவுல் கேட்ட போர்வை

(பொதுக்காலம் 30ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு)



இன்றைய இரண்டாம் வாசகம் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 4ஆம் அதிகாரம். 6 முதல் 8 வரை வாசித்தோம், பிறகு 16க்குத் தாவி 18ஓடு நிறுத்திக்கொண்டோம். ஓட்டத்தை முடித்த வீரராகப் பவுல் பேசுகிற பகுதி அது. விடுபட்ட வசனங்களை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். அங்கே சிறையில் குளிரை எண்ணிக் கலங்குகிற ஒரு வயோதிபர் இருக்கிறார். துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த போர்வையைக் கொண்டுவரச் சொல்கிறார். நூல்களையும் கேட்கிறார். லூக்காவைத் தவிர வேறு எவரும் கூட இல்லை என்கிறார். 21ஆம் வசனத்தில், குளிர்காலம் தொடங்குமுன் எப்படியாவது வந்து சேரும்படி திமொத்தேயுவை வேண்டுகிறார்.

அந்தக் காலத்தில் நவம்பர் பிறந்தால் மத்தியதரைக் கடலில் கப்பல் ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். மார்ச் வரை காத்திருக்க வேண்டும். பருவம் தப்பிக் கடலில் இறங்கினால் என்ன ஆகும் என்பது, மால்தாக் கரையில் கப்பல் உடைந்து தப்பிய பவுலுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை இப்போது வராவிட்டால் பிறகு வந்து பார்க்கத் தான் இருப்பேனோ என்ற ஏக்கம் அந்த ஒரு வரிக்குள் கிடக்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் இந்தக் கிழமை ஸ்காபரோவிலும் ஏஜக்ஸிலும் நம் வீட்டுப் பின்வளவுகளில் அதே அவசரம்தான். ஓர் இரவு உறைபனி விழுந்தால் போதும், புடலையும் பாவலும் கறுத்துத் தொங்கிவிடும். பந்தலைக் கழற்ற வேண்டும். உள்ளே வால்வைப் பூட்டி, வெளிக் குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிட வேண்டும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெருக்கும். தேங்கி நின்றால் குழாய் வெடித்துவிடும். இலைகளை எல்லாம் வாரிக் காகிதப் பைகளில் அடைத்து வீதியோரம் வைத்துவிடாதீர்கள். கொஞ்சத்தைச் செடிகளின் அடியில் விடுங்கள். காய்ந்த தண்டுகள் சிலவற்றையும் வெட்டாமல் விடுங்கள். அவற்றின் பொந்துக்குள் சின்னத் தேனீ இனங்கள் குளிரைக் கழிக்கின்றன. அவையும் கடவுளின் படைப்புகள்தானே.

உள்ளி நடுகிறவர்களுக்கும் இதுதான் காலம். பல்லைப் பிரித்து, கூர்ப்பக்கம் மேலே இருக்க, இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றி, மேலே இலையைப் பரப்பிவிடுகிறோம். ஏப்ரலில் முளை தெரியும், ஜூலையில் கிண்டலாம். நம் ஊர்த் தோட்டக்காரருக்கு முதலில் இது விளங்குவதில்லை. குளிரில் போய் யாராவது நடுவார்களா என்று கேட்பார்கள். ஆனால் மாதக்கணக்கில் குளிர் படாத உள்ளி பெரும்பாலும் பல்லுப் பிரியாமல் ஒரே குண்டாக நின்றுவிடும். வெள்ளம் வடிந்தபின் கடவுள் கொடுத்த வாக்கைத் தொடக்க நூலின் 8ஆம் அதிகாரத்தில் பாருங்கள். விதைப்பும் அறுவடையும் மட்டுமல்ல, குளிரும் அந்த வாக்குக்குள் இருக்கிறது. ஊரைவிட்டு வந்து பனிக்குள் விழுந்துவிட்டோமே என்று நொந்துகொள்கிறவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: ஆண்டவர் இந்தக் குளிருக்குள்ளும் வேலை செய்கிறார்.

இந்தத் தோட்டங்களைச் செய்கிறவர்கள் யார்? பெரும்பாலும் நம் அம்மாமார், அப்பாமார், அம்மம்மா, அப்பப்பா. மே மாதம் தொட்டு அவர்களுக்குப் பின்வளவுதான் உலகம். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டாருக்கு நாலு வெண்டிக்காய் நீட்டுவார்கள். அந்தச் சாட்டில் நாலு கதை. வளவைச் சாத்தினால் அந்தக் கதையும் சாத்தப்படுகிறது. பிள்ளைகள் இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு வருகிறார்கள். நடைபாதையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிடுமோ என்ற பயத்தில் பூசைக்கும் வருவதில்லை. பேஸ்மென்ட் அறையில் ஒரு ரீவியோடு ஐந்து மாதம்.

சாடியில் நிற்கும் கறிவேப்பிலையை எவ்வளவு பக்குவமாக உள்ளே எடுக்கிறோம் என்று பாருங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிச் செதில்பூச்சி இருக்கிறதா என்று தேடுகிறோம், ஈரத்துணியால் துடைக்கிறோம், வெயில் படுகிற தெற்கு யன்னலைத் தேர்ந்து அதற்கு இடம் ஒதுக்குகிறோம். அதை வளர்த்தவருக்கு எந்த யன்னலை ஒதுக்கினோம்?

பவுல் போர்வையோடு நிறுத்தவில்லை, நூல்களையும் கேட்டார், எல்லாவற்றுக்கும் மேலாகத் திமொத்தேயுவைக் கேட்டார். நல்ல ஜாக்கெட்டும், வழுக்காத சப்பாத்தும் வாங்கிக் கொடுங்கள். அது முதல் கடமை. ஆனால் அதோடு பிள்ளையின் கடன் முடிந்துவிடாது. எடுத்துவைத்த புடலை விதையை மேசையில் பரப்பிவிட்டு, வாற வருசம் எதை எங்கே போடலாம் என்று அவரிடம் கேளுங்கள். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். பின்னேரம் செபமாலையை அவருடைய அறையில் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு, நவம்பர் 2, மரித்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூருகிறோம். கல்லறைக்குப் பூக்கொண்டு போவோம், நல்லது. அன்றுதான் கடிகாரமும் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகிறது. ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அதற்கு முன், உயிரோடு இருக்கிறவர்களுக்காக ஒரு வேலை செய்வோம். குளிர்காலத்தில் பூசைக்கு வர வாகனம் இல்லாத முதியவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டு, பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஆலய வாசலில் உள்ள மேசையில் எழுதி வையுங்கள். காரில் ஓர் இடம் இருக்கிறவர்களும் அதே தாளில், மற்றப் பக்கத்தில், தங்கள் பெயரை எழுதுங்கள்.